வெள்ளையாக்க மாட்டேன் என்று சொல்லும் பியூட்டி பார்லர் (சுங்கை சிப்புட், மலேசியா)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கல்யாணத்தன்று பெண் நாலு படி வெளுத்துத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பார்லருக்குப் போக வேண்டாம். காசும் வீண், பார்லர் நடத்தும் அக்காவோடு வாக்குவாதம் வேறு. மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். அதிலும் "இந்தக் கலருக்கு மேக்கப் எடுக்காதும்மா" என்று வேறு எங்கேயாவது கேட்டு நொந்துபோன பெண்கள் கட்டாயம் போக வேண்டும்.

கடைப் பெயரைப் போடவில்லை. போடாதே என்று அக்காவே சொல்லிவிட்டார். ஒருவராகவே எல்லாம் பார்க்கிறார், போன் ஏற்கெனவே ஓயாமல் அடிக்கிறது, இணையத்தில் வந்துவிட்டால் கிள்ளான், ஷா ஆலாமிலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள், அப்புறம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே தேதி கிடைக்காது என்பது அவர் கணக்கு. ஈப்போவிலிருந்து அரை மணி நேரம்தான். டவுனில் இறங்கி எந்தப் பூக்கடையில் கேட்டாலும் "வசனம் ஒட்டின கண்ணாடிப் பார்லர்" என்று கையைக் காட்டுவார்கள்.

பழைய கடைவீட்டு மாடி. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், முட்டி வலி உள்ள அம்மாக்களைக் கீழேயே உட்கார வைத்துவிடுங்கள். மேலே இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சேலை கட்டத் திரை போட்ட ஒரு மூலை, அவ்வளவுதான். ஏர்கோன் உண்டு, ஆனால் அதற்குக் குளிர வைக்கும் எண்ணம் இல்லை. நிஜமாக வேலை செய்வது ஓரத்தில் நிற்கும் காத்தாடிதான், அதையும் பவுடர் போடும்போது அணைத்துவிடுகிறார்.

பெரிய கண்ணாடியில் பைபிள் வசனம் ஒன்று, சங்கீதம் 139:14, ஒட்டியிருக்கிறது: "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்." நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த எழுத்து சரியாக நம் நெற்றிக்கு நேரே வரும். உயரம் குறைந்தவர்களுக்குத் தலைமுடியே தெரியாது. கொண்டை போட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை அப்படி இப்படி வளைக்க வேண்டியிருக்கிறது. ஆண்டவருடைய வார்த்தைதான், ஒரு ஜாண் மேலே ஒட்டியிருந்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களிடம் அக்கா பிரசங்கம் செய்வதில்லை, இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பொட்டு வைக்கிறார், நெத்திச்சுட்டி மாட்டுகிறார், பூச்சரத்தை அளந்து குத்துகிறார், தாலி கட்டும்போது குனிந்தால் எது நழுவும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, யாரும்மா எழுதினது என்று கேட்டார். "தாவீது ராஜா பாட்டி" என்றார் அக்கா. அதோடு சரி, மறுபடியும் புருவத்தில் நூல் ஓட ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் போனது என் கூடப்பிறந்த அக்காவின் மகள் கல்யாணத்துக்காக. பிள்ளை நல்ல கறுப்பு. எங்கள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள். அம்மா எல்பில் பக்கம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வெயில் உச்சிக்கு ஏறும்போது ஸ்டோரில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். அந்தக் கால லயத்துப் பெண்கள் எல்லாரும் சாயங்காலம் குளித்துவிட்டுக் குட்டிக்கூரா பவுடரை அப்பிக்கொண்டுதான் வாசலில் உட்காருவார்கள். வாசனைக்கு என்பார்கள், வெளுப்புக்கும்தான். இப்போது அந்தத் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் டவுனைச் சுற்றிய தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ரப்பர் போய் செம்பனை வந்து, செம்பனையும் சில இடங்களில் வீடாகிவிட்டது. அந்தப் பவுடர் டப்பா மட்டும் வேறு வேறு பெயரில் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

நிச்சயதார்த்தம் முடிந்ததும் பிள்ளை வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பார்லருக்குப் போயிருக்கிறாள். அந்தக் கடை எது என்பது இங்கே வேண்டாம். அங்கே ஒரு சின்ன டப்பாவில் லேபிள் இல்லாத கிரீம் கொடுத்து, இரவில் மட்டும் போடு, கல்யாணத்துக்குள் சிவந்துவிடுவாய் என்று சொல்லியிருக்கிறார்கள். சிவந்ததென்னவோ உண்மைதான். கன்னம் இரண்டும் எரிந்து, தோல் உரிந்து, வெயிலில் பத்தடி நடந்தால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் துடித்தாள். டாக்டர் பார்த்த உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு, பாசார் மாலாம் இரவுச்சந்தையிலும் பேஸ்புக் லைவிலும் இந்த மாதிரி டப்பாக்கள் இன்னமும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, அதுதான் எல்லாரும் என்.பி.ஆர்.ஏ. என்று சொல்வது, கலப்படக் கிரீம்களின் பெயர்களை அவ்வப்போது அறிவித்துத் தடை செய்கிறது. அந்த அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன். பாதரசம் தோலில் நிறம் உண்டாவதையே அடக்கும், அதனால்தான் வெளுக்கிறது, ஆனால் உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, தோலை மெலிதாக்கிவிடும். ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினோயினும் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்துகள். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைப்படி இதையெல்லாம் விற்றால் தனி ஆளுக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், இல்லையென்றால் 3 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். முறையாக விற்கப்படும் அழகுப்பொருளுக்கு அந்த முகமையின் அறிவிப்பு எண் இருக்கும், 'நாட்' (NOT) என்ற மூன்று ஆங்கில எழுத்தில் ஆரம்பித்துக் 'கே'யில் (K) முடியும். அவர்களுடைய இணையத்தளத்தில் பொருளின் பெயரையும் எண்ணையும் போட்டுப் பார்க்கலாம், இலவசம்தான். எண் சரியாக இருந்தாலும் பின்னாளில் ரத்து செய்யப்பட்டிருக்கலாம், அதனால் பழைய டப்பாவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, கடைக்கு வருகிறேன்.

பிள்ளை இந்த அக்காவிடம் முதல் தடவை போனபோது, அவர் செய்த முதல் வேலை ஒன்றும் செய்யாமல் அனுப்பியதுதான். "இந்தத் தோல்ல நான் கை வைக்க மாட்டேன்லா, ஆறிட்டு வா" என்றார். ஒரு காசு வாங்கவில்லை. பேசியல் செய்கிறேன், அது செய்கிறேன், இது செய்கிறேன் என்று பில் ஏற்றியிருக்கலாம், பிள்ளை அப்போதிருந்த மனநிலையில் எது சொன்னாலும் தலையாட்டியிருப்பாள். எனக்கு அந்த இடத்திலேயே கடை பிடித்துவிட்டது.

ஆறி வந்த பிறகு டிரையல். இங்கேதான் அக்காவின் கைவேலை தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் கலர் பார்ப்பதில்லை, படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலை முழுசாகத் திறந்து, பிள்ளையை வெளிச்சத்துக்கு முகம் காட்டி நிற்க வைத்தார். தன் புறங்கையில் இரண்டு பவுண்டேஷனைப் பிதுக்கி, ஒன்று செம்மண் மாதிரி, ஒன்று மஞ்சள் ஓடியது, பிரஷ்ஷின் பின்பக்கத்தால் குழைத்துத் தாடை எலும்பு ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். கன்னத்தில் இல்லை, தாடையில். முகமும் கழுத்தும் அங்கேதான் சேர்கின்றன, அங்கே கோடு மறைந்தால் அதுதான் சரியான நிறம் என்றார். முதல் கோடு சாம்பல் பூத்தது. துடைத்தார். இரண்டாவது கோடு கொஞ்சம் சிவப்பு. அதில் மஞ்சளை ஒரு பொட்டு சேர்த்து மூன்றாவது இழுத்தபோது, நான் குனிந்து பார்த்தும் கோடு எங்கே என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்துக்கு நேரே வெளிர் கன்சீலர் போடாமல் முதலில் ஆரஞ்சு நிறத்தை மெலிதாகத் தட்டினார். கறுப்புத் தோலில் வெளிர் கன்சீலரை அப்படியே போட்டால் நீலம் பூத்த மாதிரி ஆகிவிடுமாம். யாராவது என் கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா.

இன்னொரு விஷயமும் சொன்னார். வெள்ளைப் பவுடரில் இருக்கும் டைட்டானியம் டைஆக்சைடு போன்றவை கேமரா பிளாஷ் பட்டால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் சுமாராக இருக்கிற மணப்பெண் ஆல்பத்தில் மாவு கொட்டிய முகத்தோடும் கறுப்புக் கையோடும் நிற்பது அதனால்தான். நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இது இருக்கும். ஒரே ஆள், மூன்று நிறம். ரொம்ப நாள் வரைக்கும் இங்கே பார்மசியில் கிடைத்த பவுண்டேஷன் எல்லாம் வெளிர் நிறம்தான், நம் கலருக்கு ஒன்றும் இருக்காது, இருப்பதைத்தான் பூசிக்கொள்ள வேண்டும். 2017இல் ரிஹானாவின் பென்ட்டி கம்பெனி 40 நிறங்களோடு பவுண்டேஷன் இறக்கிய பிறகுதான் மற்ற கம்பெனிகளும் அடர்நிறங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க ஆரம்பித்தார்கள் என்பார் அக்கா. அந்தச் சாமான் விலை அவருக்குக் கட்டாது, அதனால் மலிவானதில் இரண்டை வாங்கிக் குழைக்கிறார். குழைக்கத் தெரிந்தவருக்கு இரண்டு போதும் போலிருக்கிறது.

டிரையலுக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். நல்ல மனுஷி, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதனால் வாயில் வந்துவிடும். பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்தி விடும்மா, மேடையில எடுப்பா இருக்கணும், எங்க சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார். பிள்ளையின் முகம் கண்ணாடியில் தொங்கிப்போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, பிரஷ்ஷைக்கூடக் கீழே வைக்காமல், "ஏத்த மாட்டேங்கம்மா. உங்க மகன் இந்த முகத்தப் பார்த்துத்தானே சரின்னாரு? ராத்திரியோட ராத்திரியா வேற பொண்ண உட்கார வைக்கிறது லாபான் வேலைலா, நான் அதுக்கு ஆள் இல்ல" என்றார்.

சம்பந்தியம்மா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், உடனே பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ போடுறபடி போடு" என்றார்.

வேதம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், ஆதியாகமம் 29இல் யாக்கோபு ராகேலுக்காக மாமன் லாபானிடம் 7 வருஷம் வேலை செய்கிறான். கல்யாண ராத்திரி லாபான் ராகேலுக்குப் பதில் மூத்தவள் லேயாளை அனுப்பிவிடுகிறான், விடிந்த பிறகுதான் யாக்கோபுக்குத் தெரிகிறது. ராகேல் ரூபவதி, லேயாளுடைய கண்கள் கூச்சப்பார்வையாக இருந்தது என்று வேதமே இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறது, நம் சொந்தக்காரர்கள் அக்கா தங்கையை நிறுத்திப் பேசுகிற மாதிரியே. இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், மேக்கப்புக்கு இதைப் பொருத்திப் பார்த்த ஆளை இப்போதுதான் பார்த்தேன்.

அக்கா அன்று வேலை முடிகிற வரைக்கும் லேயாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், சம்பந்தியம்மாவும் கூடக் கூட எடுத்துக் கொடுத்தார். லேயாள் அற்பமாய் எண்ணப்பட்டாள் என்று கர்த்தர் கண்டார் என்று எழுதியிருக்கிறது. கண்டு என்ன செய்தார்? அவளுக்குக் கண்ணைச் சரி செய்து கொடுத்ததாக எங்கேயும் இல்லை. ராகேலைவிட அழகாக்கியதாகவும் இல்லை. அதே கண்ணோடு பிள்ளை பெற்றாள், நான்காவது பிள்ளை யூதா, அந்த வம்சத்தில்தான் தாவீது, மத்தேயு முதல் அதிகாரத்தில் எழுதியிருக்கிறபடி அந்த வழியில்தான் இயேசு. புருஷன் தேர்ந்தெடுக்காத பெண்ணின் வயிற்று வழியாக. "அவ மூஞ்சிய ஆண்டவர் மாத்தலங்கம்மா, எனக்கு மட்டும் என்ன அதிகாரம்" என்று சொல்லிக்கொண்டே ஐலைனரை இழுத்தார். கை ஆடவில்லை.

எனக்கு இது ஏன் பிடித்தது என்றால், சபையில் நாங்கள் கேட்டு வளர்ந்தது வேறு மாதிரி. கறுப்பான பிள்ளையைப் பார்த்தால் பெரியவர்கள் எல்லாரும் "முகமா முக்கியம், உள்ளத்தின் அழகுதான் ஆண்டவருக்குப் பிரியம்" என்பார்கள். சிவப்பான பிள்ளையிடம் ஒருவரும் அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. அவளிடம் "ஆண்டவர் உன்னை எவ்வளவு அழகாகப் படைத்திருக்கிறார்" என்பார்கள். ஆக அவளுக்கு முகத்தைக் கொடுத்தது ஆண்டவர், இவளுக்கு முகத்தைக் கொடுத்தது யாரோ, இவளுக்கு ஆண்டவர் உள்ளத்தை மட்டும் கொடுத்தார். இந்த ஆறுதலைக் கேட்டு எந்தப் பிள்ளை ஆறியது? கிரீம் வாங்கத்தான் போனது.

1 சாமுவேல் 16:7ஐ இதற்கு எடுப்பார்கள், "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்". நல்ல வசனம்தான். ஆனால் அது சொல்லப்பட்டது உயரமும் தோற்றமுமாக நின்ற தாவீதின் அண்ணன் எலியாபைப் பார்த்துத் தீர்க்கதரிசி சாமுவேல் இவன்தான் ராஜா என்று மயங்கியபோது. அழகான ஆளைப் பார்த்து ஏமாறாதே என்பது அங்கே பேச்சு, அழகில்லாதவர்களுக்குத் தலைதடவல் இல்லை. இன்னும் ஐந்து வசனம் தள்ளிப் போனால் தாவீதையே சிவந்த மேனி, அழகிய கண்கள், நல்ல ரூபம் என்று எழுதியிருக்கிறது. அதைப் பிரசங்கத்தில் யாரும் வாசிப்பதில்லை, வாசித்தால் பிரசங்கம் கொஞ்சம் சிக்கலாகிவிடும்.

உன்னதப்பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள், முதல் அதிகாரம் ஐந்தாம், ஆறாம் வசனம். கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன் என்கிறாள். என்னை அப்படிப் பார்க்காதீர்கள், வெயில் என்மேல் பட்டது, என் தாயின் பிள்ளைகள் என்னைத் திராட்சத்தோட்டத்துக்குக் காவற்காரியாக வைத்தார்கள் என்கிறாள். அதாவது தோட்ட வேலை செய்து கறுத்தவள். எங்கள் அம்மா மாதிரி. இதையும் நான் ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை, அக்கா பவுடர் பஃப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். அவர் அம்மாவும் டோவன்பி தோட்டத்தில் பால் வெட்டியவர்தான், பேச்சுவாக்கில் தெரிந்தது. மோசே எத்தியோப்பியப் பெண்ணைக் கட்டியதற்காகக் குறை பேசிய அவர் சகோதரி மிரியாம் கடைசியில் என்ன நிறத்தில் போய் நின்றாள் என்பதை எண்ணாகமம் 12இல் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவுக்கு அது உடனே ஞாபகம் வந்துவிட்டது, தன் சொந்தக்காரர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறாராம்.

இப்போது குறைகள். இருக்கின்றன.

முதல் குறை, கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டர். அதில் இயேசு பால் நிறம், தங்க நிற முடி. அமெரிக்காவில் வார்னர் சால்மன் என்ற ஓவியர் 1940இல் வரைந்த படம் உலகம் முழுவதும் அச்சாகிப் பரவியது, நம் தோட்டத்து வீடுகள் வரைக்கும் வந்தது, அந்தச் சாயலில்தான் இந்தக் காலண்டர்களும். பெத்லகேமில் பிறந்து நாசரேத்தில் வெயிலில் வேலை செய்து வளர்ந்த ஒருவர் அப்படி இருந்திருக்க வழியில்லை. ஏசாயா 53:2 "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்று சொல்கிறது, சபை அதை இயேசுவைப் பற்றித்தான் வாசிக்கிறது. அப்படியிருக்க ஒரு கறுப்புப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தால், தன் முகமும் பின்னால் அந்தப் பளபளா முகமும் சேர்ந்தே தெரிகின்றன. வசனம் ஒன்று சொல்ல, காலண்டர் வேறொன்று சொல்கிறது. அக்காவிடமே கேட்டேன். "சபையில கொடுத்தாங்கலா, தேதி பார்க்கணுமே" என்றார். இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், பாதி குறைக்கிறேன்.

இரண்டாவது, நேரம். பத்து மணி என்று தேதி போட்டால் பதினொன்று. முன்னால் இருக்கிறவரை அவசரப்படுத்தாமல் செய்வதால் வருவது இது, நம் முறை வரும்போது அது நல்லதாகத் தெரியும், காத்திருக்கும்போது தெரியாது. பொறுமை இல்லாதவர்கள் முதல் ஆளாகப் போய்விடுங்கள்.

மூன்றாவது, பேச்சு. கிறிஸ்தவர்கள் என்று தெரிந்துவிட்டால் அக்காவுக்கு வாய் மூடாது. எங்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் வாராவாரம் பிரசங்கம் கேட்டு அலுத்துப்போன இளவட்டங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். மேக்கப்பே பாவம் என்கிற கோஷ்டிக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். 1 பேதுரு 3இல் முடி பின்னுவதையும் பொன் நகையையும் பற்றி வருகிறதே என்று நான் சும்மா சீண்டினேன். அதே வசனத்தில் உயர்ந்த வஸ்திரமும் இருக்கிறது, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து லிப்ஸ்டிக்கை மட்டும் பாவம் என்பவர்களுக்கு என்ன சொல்ல என்றார். அலங்காரம் செய்துகொள், ஆனால் உன் மதிப்பு அதில்தான் இருக்கிறது என்று நினைக்காதே, அதுதான் அங்கே பேச்சு என்று முடித்துவிட்டார். அழகு விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும், வியாபாரத்துக்கு நல்லதில்லை பாருங்கள்.

கல்யாணத்தன்று விடியற்காலை வந்தார். சபையில் ஆராதனை, மதியம் மண்டபத்தில் விருந்து, இரண்டுக்கும் வேறு வேறு சேலை. காலை வெயிலில் வெளியே படம் எடுத்தார்கள், மண்டபத்தில் பிளாஷ். ஆல்பம் வந்துவிட்டது. முகம், கழுத்து, கை எல்லாம் ஒரே ஆளுடையவை. பிள்ளை அதே கறுப்பு, கண் இரண்டும் அப்படி ஒரு தெளிவு, மூக்குத்தி தனியாக மின்னுகிறது. இரண்டாவது சேலைக்கு மாற்றும்போது மட்டும் வியர்வையில் மூக்கு ஓரம் கொஞ்சம் கலைந்தது, தொட்டுச் சரிசெய்தார். நம் ஊர் உக்கிரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. சொந்தக்காரர்கள் பேசினார்களா என்றால், பேசினார்கள். ஒரு பெரியம்மா என்னிடமே வந்து, பொண்ணுக்கு மேக்கப்பே போடலையா என்று கேட்டார். அக்காவிடம் சொன்னேன், அதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டாமாம்.

அந்தப் பெரியம்மாவின் மகளுக்கும் இப்போது வரன் பார்க்கிறார்கள். தரகர் அனுப்பும் விவரத்தாளில் படிப்புக்கு முன்னால் நிறம் இருக்கிறது. 2020இல் பேர் அண்ட் லவ்லி பெயரை மாற்றிக் குளோ அண்ட் லவ்லி ஆகிவிட்டது, விவரத்தாள்தான் இன்னும் மாறவில்லை. அதில் கிறிஸ்தவ வீடு, இந்து வீடு என்ற வித்தியாசமும் இல்லை.

விலை விவரம். கல்யாண மேக்கப், முடி, இரண்டு சேலை, டிரையல் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 480 வெள்ளி ஆனது. ஈப்போவில் விசாரித்ததைவிட நன்றாகவே குறைவு. வீட்டுக்கு வந்து செய்தால் தூரத்துக்கு ஏற்றபடி கூட ஆகும். புருவம் 7 வெள்ளி, சாதாரண பேசியல் 45. பிளீச் செய்வதில்லை, பட்டியலிலேயே கிடையாது, கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள். ரொக்கமோ டச் அண்ட் கோவோ எதுவானாலும் சரி, கார்டு எடுக்காது. முன்பணம் கொடுத்தால் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திங்கள்கிழமையும், ஞாயிறு ஆராதனை முடியும் வரையும் கடை மூடியிருக்கும். தைப்பூசத்துக்குப் பிறகு கல்யாண முகூர்த்தங்கள் வரிசையாக வருவதால் அந்த நேரத்தில் தேதி கிடைப்பது கஷ்டம், இப்போதே பேசிவிடுங்கள். கார் நிறுத்தக் கடைவீட்டுப் பின்பக்கச் சந்துதான் வசதி. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், கொண்டை நிற்காது என்று திருப்பி அனுப்பிவிடுவார். சேலை ஊசி ஒரு பாக்கெட் நீங்களே கொண்டுபோங்கள், அக்காவிடம் அது எப்போதும் தீர்ந்துதான் இருக்கும்.